நாவிலிருந்து செவிக்கு: திக்குதலுக்கான துணைக்கருவிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் திறமை பற்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் மனித உடலிற் பொருத்தப்படும் கருவி, அதனை ஆக்கிய சமூகம் குறைபாடு எங்கே உள்ளதெனக் கருதிற்று என்பதற்கும் சான்றாகின்றது. திக்கிப் பேசுவோருக்கென ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கடந்த இரு நூற்றாண்டுகளில் ஆக்கப்பட்ட கருவிகளை இந்நிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொன்னை, தெற்றுவாய் எனவும் நம் வழக்கிற் சுட்டப்படும் இந்நிலை, வளர்ந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் காணப்படுகின்றது. குழந்தைப் பருவத்தில் நூற்றுக்கு ஐவரளவில் திக்கினும், அவர்களுட் பெரும்பான்மையோர் தாமாகவே அதனின்று நீங்கிவிடுகின்றனர். கருவிகளின் வெற்றி பற்றிய கூற்றுகளை மதிப்பிடும்போது இவ்வுண்மை நினைவிற் கொள்ளத்தக்கது.

கிரேக்கப் பேச்சாளர் தெமொஸ்தெனிஸ் வாயிற் கூழாங்கற்களை வைத்துப் பேசிப் பழகினார் என்ற செய்தி பலரும் அறிந்ததே. அதனை எழுதிவைத்த புளூட்டாக், அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிற்பட்டவர். ஆகவே அதனை வரலாற்றுச் செய்தி என்பதிலும், நாவை அடக்கினாற் பேச்சுத் திருந்தும் என்ற நீண்டகால நம்பிக்கையின் வெளிப்பாடு என்பதே பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவமும் இந்நம்பிக்கையிலிருந்தே தொடங்கிற்று.

செவிப்புலனற்றோர் கல்வியில் ஈடுபட்டிருந்த பிரெஞ்சு மருத்துவர் இற்றாட், 1817இல் திக்குதல் பற்றி எழுதியபோது, நாவின் கீழ் வைத்து அதனைத் தாங்குவதற்கெனப் பொன்னாலோ யானைத் தந்தத்தாலோ ஆன சிறு கவையொன்றினை முன்வைத்தார். நாவின் தசைகள் வலுவற்றவை என்பது அவர் கொண்ட கருத்து. தசைகள் இழுப்புக்கு உள்ளாகின்றன என்ற மாறான கருத்து, இதனினும் கொடிய விளைவுக்கு இட்டுச் சென்றது. மாறுகண்ணை அறுவை மூலம் திருத்தியதாற் புகழ்பெற்ற பேர்லின் அறுவை மருத்துவர் டீஃபன்பாக், 1841இல் திக்குவோரின் நாவடியை அறுத்து ஒரு கூறினை அகற்றலானார். ஈதர் மயக்கமருந்து அறுவைக் கூடத்துக்கு வந்தது 1846இலேயாம் என்பதை நோக்க, நோயாளர் அனுபவித்த வேதனையை உய்த்துணரலாம். அவ்வாண்டிலேயே பிற நாடுகளுக்கும் பரவிய இம்முறை, பயனின்மையாலும் ஆபத்தாலும் விரைவிற் கைவிடப்பட்டது.

1850களிற் பிலடெல்பியாவைச் சேர்ந்த றொபேட் பேட்ஸ், மேலண்ணத்திற் பொருத்தும் குழாயினையும் கழுத்திற் கட்டும் பட்டியினையும் அமைத்தார். கத்தி போய்க் கருவி மீண்டதெனினும், பிழை வாயிலும் தொண்டையிலும் உள்ளதென்ற கொள்கை மாறவில்லை. இதற்கு முன்னரே, 1830களிற் பிரான்சிற் கொலொம்பா என்னும் மருத்துவர் தாள ஒழுங்குடன் பேசப் பயிற்றினார். 1815இற் காப்புரிமை பெற்ற இசைத் தாளமானியை ஒத்த கருவியொன்றை அவர் கையாண்டமை குறிப்பிடத்தக்கது. பிழை உறுப்பில் அன்று, உறுப்புகள் இயங்கும் கால ஒழுங்கிலேயே உள்ளது என்ற எண்ணத்தின் தொடக்கத்தினை இங்கு காண்கின்றோம்.

அடிப்படையான திருப்பம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒலிப்பதிவு நாடாவின் வழியே நிகழ்ந்தது. நாடாவிற் பதியும் முனைக்கும் அதனை மீட்டொலிக்கும் முனைக்கும் இடையிலுள்ள தூரம், ஒலியைச் சிறிது தாமதப்படுத்தும். பேசுபவரின் குரலை ஏறத்தாழ 0.2 செக்கன் தாமதித்து அவர் செவிக்கே செலுத்தினால், சரளமாகப் பேசுவோரும் தடுமாறுகின்றனர் என்பதை 1950இல் பேர்னாட் லீ வெளியிட்டார். இதன் மறுதலையே வியப்புக்குரியது: திக்குவோர் பலர் இத்தாமதத்தின் கீழ்ச் சரளம் பெற்றனர். 1956இற் செறி, சேயேர்ஸ் ஆகிய இருவரும், உரத்த இரைச்சலால் தம் குரலைத் தாமே கேளாதவாறு செய்யப்பட்டபோது திக்குதல் பெரிதும் குறைவதைக் காட்டினர். கருவி நாவை விட்டுச் செவிக்கு இடம்பெயர்ந்தது. பேசுதலும் கேட்டலும் பிரிக்கவியலாத ஒரே செயன்முறை என்ற புரிந்துணர்வும் இதனூடாக வலுப்பெற்றது.

இதன்பின் ஆய்வுகூடத்திலிருந்து கருவியை வெளிக்கொணரும் முயற்சிகள் தொடர்ந்தன. 1963இல் மேயர், மெயர் ஆகிய இருவரும் மின்தாளமானியின் பயன்பாட்டை விவரித்தனர். பின்னர் அமெரிக்காவிற் பிறேடி அதனைக் காதின் பின் அணியத்தக்க சிறு கருவியாகப் பயன்படுத்தினார். 1965இற் கோல்டயமண்ட், தாமதித்த ஒலியைக் கொண்டு மெதுவாக நீட்டிப் பேசப் பயிற்றும் முறையை வகுத்தார். 1970களில் உருவான எடின்பரோ மறைப்புக் கருவி, தொண்டையில் அணிந்த ஒலிவாங்கி குரலதிர்வை உணரும்போதெல்லாம் காதில் இரைச்சலை எழுப்பிற்று. ஆயின் குரலெழுப்ப முடியாது தடைப்பட்டு நிற்கும் கணத்தில் அதிர்வே இல்லையாதலால், உதவி மிகத் தேவைப்பட்ட இடத்தில் அது தானாக இயங்க இயலாதிருந்தது.

குரலின் சுருதியை மாற்றிக் கேட்பிப்பதன் பயனை 1987இல் இலண்டனில் ஹொவெல் முதலியோர் எடுத்துக்காட்டினர். தாமதத்தையும் சுருதிமாற்றத்தையும் இணைத்து, வட கரோலைனாவிலுள்ள கிழக்குக் கரோலைனாப் பல்கலைக்கழக ஆய்வாளரின் முயற்சியால் உருவான ‘ஸ்பீச் ஈசி’ என்னும் காதுக்கருவி 2001இல் விற்பனைக்கு வந்தது. அதன் விலை பல ஆயிரம் டொலர். உரத்து வாசிக்கையில் இதனாற் பெரும்பயன் பெற்ற சிலர், அன்றாட உரையாடலில் அவ்வளவு பயன் பெறவில்லை. வேறு சிலரிற் பயன் நாளடைவிற் குறைந்தது. அதே தாமத ஒலியைக் கைத்தொலைபேசிச் செயலிகள் இன்று மிகக் குறைந்த செலவில் தருகின்றன என்பதையும் ஒப்புநோக்குதல் தகும்.

ஒவ்வொரு கருவியும் தொடக்கத்திற் பலன் தந்ததாகவே தோன்றியமைக்குக் காரணங்கள் உள. திக்குதல் நாளுக்கு நாள் ஏறியிறங்கும் இயல்பினது. பேசும் முறையிற் புதுமை எதுவும் சிறிது காலம் அதனைத் தணிக்கக் கூடும். இவ்விடைவெளியிலேதான் நம்பிக்கையும் வணிகமும் ஒருங்கே வளர்ந்தன. கருவி பயன் தராதபோது பழி அதனை விற்றவரைச் சாராது, விடாமுயற்சி இல்லாதவர் என அணிந்தவரையே சாருவது எளிது.

2010இல் ஜீஎன்பீடிஏபி முதலிய மரபணுக்களின் மாற்றங்கள் சிலரின் திக்குதலோடு தொடர்புடையன எனக் கண்டறியப்பட்டமை, மனவுறுதியின்மையே காரணம் என்ற பழைய குற்றச்சாட்டினைத் தளர்த்திற்று. அதற்கு முன்னரே திக்குவோர் தாமே அணிதிரளத் தொடங்கியிருந்தனர். அமெரிக்காவில் 1977இலும் பிரித்தானியாவில் 1978இலும் அவர்களுக்கான அமைப்புகள் தோன்றின. 1998 முதல் ஒக்டோபர் 22 அனைத்துலகத் திக்குதல் விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகின்றது. பேசுபவரைத் திருத்துவதோடு, கேட்பவரையும் பொறுத்திருக்கக் கோரும் குரல் இவ்வாறு எழுந்தது.

இங்கு ஓர் உண்மை சிந்தனைக்குரியது. திக்குவோர் மற்றொருவருடன் சேர்ந்து ஒருமித்து வாசிக்கும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. தாமதத்தாலும் சுருதிமாற்றத்தாலும் இன்றைய காதுக்கருவி செயற்கையாகப் படைக்க முயல்வது, உடன் ஒலிக்கும் அந்த இரண்டாவது குரலையே. கருவியின் பயனை மறுப்பது நம் நோக்கமன்று; வேண்டுவோருக்கு அது வாங்கத்தக்க விலையில், மிகையுரையின்றிக் கிடைத்தல் வேண்டும். எனினும் ‘திக்குவாயன்’ என்னும் அடைமொழியையே ஒருவனின் பெயராக்கிச் சிரிக்கும் சமூகத்தில், எந்தக் காதுக்கருவியும் தன் வேலையை முழுமையாகச் செய்துவிடப் போவதில்லை. நாவிலிருந்து செவிக்கு இடம்பெயர்ந்த இவ்வரலாறு, பேசுபவரின் செவியோடு நில்லாது, கேட்பவரின் செவிக்கும் வந்து சேர்தல் வேண்டும்.