கஞ்சியை எண்ண முடியுமா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் அரிசிக்கு முன்னால் 'து' என்று ஒரு சிறு சொல் வரும். 'து ரி' என்றால் கொஞ்சம் அரிசி. ஆங்கிலத்தில் 'ஒன் ரைஸ்' என்றால் பிழை. கிலோ, தட்டு என்று ஓர் அளவைச் சேர்த்தால்தான் எண்ணலாம். நாமும் இட்லியை இரண்டு, மூன்று என்கிறோம். சோற்றை ஒரு பிடி, கஞ்சியை ஒரு குவளை என்றுதான் கேட்கிறோம்.

இலக்கணத்தில் இது சின்ன விஷயம். பஞ்ச காலத்தில் அந்த அளவை யார் குறிக்கிறார் என்பது உயிர் விஷயம்.

1782இல் ஹைதர் அலி போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், நம் ராயபுரம் பக்கத்து மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அங்கே வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். கஞ்சியை எண்ண முடியாது, தொட்டியை எண்ணலாம்.

அடுத்தது தாது வருஷப் பஞ்சம். 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். 1 பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் சுமப்பவனுக்கு அது போதாது, 1½ பவுண்டாவது வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அந்த ஆண்டே கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

ஸ்டான்லி பக்கம் போகும்போது பேரப்பிள்ளைகளிடம் அந்தப் பழைய பெயரைச் சொல்லி வையுங்கள்.