உரோமும் இலண்டனும் முத்துக்குளித்துறையும்

1940ஆம் ஆண்டு. நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துப் புனித தெரசாள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராக ஓர் இளங்குருவானவர் வந்து சேர்ந்தார். உரோமில் ஐந்தாண்டுகள் பயின்று, இறையியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். இலத்தீனும் இத்தாலியமும் கற்றவர், ஆங்கிலத்தில் வல்லவர். ஆயினும் ஒரு சங்கப் பாடலை எடுத்து அதன் பொருளைத் தாமே தேர்ந்துகொள்ளும் அளவுக்குத் தமிழ் அவரிடம் இல்லை. அக்குறையை அவர் மறைக்க முயலவில்லை. மாணாக்கர்க்குப் பாடம் சொன்ன அதே ஊரில், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தாமும் மாணாக்கராக அமர்ந்து தமிழ் கேட்டார். கல்வியின் கடைசிப் படி என நாம் கருதும் பட்டத்தைப் பெற்ற பின்னர்த் தாய்மொழி இலக்கியத்தின் முதற்படியில் கால் வைத்த அவரே தனிநாயக அடிகள்.

இன்று நம் வட்டத்து அன்பர்களின் இல்லங்களிலிருந்தும் பிள்ளைகள் ஆய்வுப் பட்டத்திற்காகக் கடல் கடக்கின்றனர். நெறியாளர் கிடைத்தாரா, உதவித்தொகை வந்ததா, விசா கைக்கு வந்ததா என்பனவே வீட்டுப் பேச்சாக இருக்கின்றன. அக்கவலைகள் மெய்யானவை, அவற்றை எளிதாக எண்ணுவதற்கில்லை. ஆனால் எதை ஆராயப் போகிறாய், ஆராய்ந்ததை எங்கே கொண்டுவந்து சேர்ப்பாய் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இவ்விரண்டிற்கும் நம் கரையோடு தொடர்புடைய ஒரு விடை அடிகளாரின் வாழ்வில் உண்டு. ஆதலின் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அடிகளார் பிறந்தது 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில். சேவியர் என்ற பெயரோடு தனிநாயகம் என்னும் முன்னோர் பெயரை அவர் தாமே விரும்பிச் சேர்த்துக்கொண்டார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கொழும்புக் குருமடத்திலும் பயின்று, 1934இல் உரோம் நகரின் ஊர்பன் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு அவர் எழுதிய ஆய்வேடு, புனித சிப்பிரியான் ஆயராக விளங்கிய காலத்துக் கார்த்தேச்சுக் குருக்களைப் பற்றியது. கிறித்துவுக்குப் பின் மூன்றாம் நூற்றாண்டின் வட ஆப்பிரிக்கா; அதில் தமிழுக்கு என்ன இடம்? ஓரிடமும் இல்லை. ஆயினும் அந்த ஐந்தாண்டுகள் வீணாயின என்று நான் கருதவில்லை. பழைய ஏடு ஒன்றை நம்புமுன் அதன் பிறப்பையும் வழியையும் விசாரிக்கும் பழக்கமும், அயல்மொழி நூலகத்தில் தயங்காமல் நுழையும் துணிவும் அவருக்கு அங்குதான் வாய்த்திருக்க வேண்டும். பின்னாளில் அவை எவ்வாறு பயன்பட்டன என்பதைக் காண்போம்.

உரோமிலிருந்து திரும்பியவர் பிறந்த மண்ணில் பணி மேற்கொள்ளவில்லை. கடலின் இக்கரையில், 1923இல் நிறுவப்பெற்ற தூத்துக்குடி மறைமாவட்டத்தின் குருவானார். வடக்கன்குளத்தில் ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1945இல், முனைவர் பட்டம் பெற்ற அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். அதன்பின் எம்.லிட். பட்டத்திற்காகச் சங்க இலக்கியத்தில் இயற்கையை ஆராய்ந்தார். அவ்வாய்வேடு நூலாக வெளிவந்த இடத்தைக் கருத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அந்நூலை வெளியிட்டது மாநகரப் பதிப்பகம் எதுவுமன்று. 1948இல் தோன்றிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே. நெய்தல் திணையைப் பற்றிய ஆராய்ச்சி நெய்தல் நிலத்துத் துறைமுக நகரிலிருந்து உலகத்தார் கைக்குச் சென்றது.

1949-50இல் அடிகளார் சப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளில் சுற்றிச் சொற்பொழிவாற்றினார். தமிழ் என்றொரு செம்மையான இலக்கிய மரபு உண்டு என்பதையே பல பல்கலைக்கழகங்கள் அறியாதிருந்த காலம் அது. அவ்வறியாமைக்குப் பிறரை மட்டும் நொந்து பயனில்லை. அவர்கள் படிக்கத்தக்க மொழியில் நாம் என்ன கொடுத்தோம் என்ற கேள்வியும் உண்டல்லவா? 1952இல் ‘தமிழ்க் கலாச்சாரம்’ என்னும் பொருள்படும் பெயரோடு அவர் தொடங்கிய ஆங்கிலக் காலாண்டிதழ் அக்கேள்விக்கு விடையாக எழுந்தது. அதுவும் முதலில் தூத்துக்குடியிலிருந்தே வந்தது. அவ்வாண்டே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார்.

இனி நான் சற்று விரித்துரைக்க விரும்புவது 1954ஆம் ஆண்டை. ஐரோப்பிய நூலகங்களில் உறங்கும் தமிழ் ஏடுகளைத் தேடி அடிகளார் அவ்வாண்டு புறப்பட்டார். லிஸ்பன் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் அவர் கண்ட சிறுநூல், 1554இல் அதே நகரில் அச்சிடப்பெற்றது. தமிழ் மந்திரங்களும் செபங்களும் அதில் உரோம எழுத்தில் அமைந்துள்ளன. தமிழ்ச் சொற்களுக்கு நேரே போர்த்துக்கீசியப் பொருள். தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்த 1578ஆம் ஆண்டிற்கு 24 ஆண்டுகள் முற்பட்டது இது. நூலை ஆக்கியோராக மூவர் பெயர் காணப்படுகிறது: விசென்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குருஸ். பெயர்கள் போர்த்துக்கீசியம், ஆட்களோ நம் பக்கத்துத் தமிழர் என்பது அறிஞர் கருத்து. 1530களின் இடையில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றதை நினைத்தால், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் லிஸ்பன் சென்று, அம்மொழி கற்று, தம் மொழியை அதற்கு எதிரே வைத்துச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதியிருக்கிறார்கள். பட்டம் யாரும் அளிக்கவில்லை. எனினும் அயல்நாடு சென்ற தமிழ் மாணாக்கரின் வரிசையை எழுதப் புகுவோர் இம்மூவரிலிருந்து தொடங்குவது தகும். 400 ஆண்டுகள் கழித்து அவர்கள் நூலின் முன் நின்றவரும் அவர்களைப் போன்றே கடல் கடந்தவர்தாம்.

லிஸ்பனில் மற்றொன்றும் இருந்தது. புன்னைக்காயலைத் தம் ஊராக்கிக்கொண்டு 1600இல் அங்கேயே மறைந்த அண்டிரிக் அடிகளார் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப் படி அது. ஏட்டுத் தமிழோடு நில்லாமல், பதினாறாம் நூற்றாண்டில் இக்கரை மக்களின் நாவில் புழங்கிய தமிழையும் அது பதிந்து வைத்திருக்கிறது. கவிஞர்களாகிய நம் வட்டத்தார்க்கு இதன் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனைத் தனிநாயக அடிகள் ஆராய்ச்சி உலகின் கண்ணில் படச் செய்தார். 1982இல் செருமனியில் அது அச்சேறியது. 2013இல் அதன் ஆங்கில ஆக்கம் ஹார்வர்டிலிருந்து வந்தது. அதனை உருவாக்கிய இருவருள் ஒருவர் பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம் பெற்ற தமிழ் அறிஞர் வி. எஸ். ராஜம்.

வத்திக்கான் நூலகத்தில் அடிகளார் கண்டவை இரண்டு. ஒன்று, அந்தாம் புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, 1679. மற்றொன்று, அண்டிரிக் அடிகளார் இயற்றி 1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’. தலைப்புப் பக்கம் இழந்த அப்படி புன்னைக்காயலிலேயே அச்சானது என்பர் ஆய்வாளர் பலர். அச்சுக்கூடச் செலவுக்குப் பரதவர் பொருள் ஈந்த செய்தி சேசு சபையாரின் கடிதங்களில் உள்ளது. முத்து விற்ற காசில் அச்சான புத்தகம் என்றே சொல்லலாம். பொருள் கொடுத்த ஊர்களில் அந்நூலின் ஒரு தாளும் எஞ்சவில்லை.

இங்கே ஒன்று கூறியாக வேண்டும். இந்நூல்களையெல்லாம் அடிகளாரே முதன்முதல் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் முழங்குகிறோம். அது மிகை. ஹார்வர்டிலுள்ள ‘தம்பிரான் வணக்கம்’ பற்றிச் சூர்ஹாமர், காட்ரெல் என்னும் இருவர் 1952லேயே எழுதிவிட்டனர். பிற நூல்களையும் அவற்றைக் காத்த நூலகத்தார் அறியாமல் இல்லை. தமிழைக் கற்ற கண்ணோடு அவற்றைப் படித்து, இவை எம் இலக்கிய வரலாற்றின் பகுதி என்று தமிழுலகுக்கு உரைத்ததே அவர் செய்தது. அதற்கு உரோமில் பெற்ற பயிற்சி மட்டும் போதாது. வடக்கன்குளத்துப் பாடமும் வேண்டியிருந்தது.

1955இல் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் முறையாக முனைவர் பட்ட மாணவரானார். அப்போது அகவை 42. அவருக்கு முன்னரே க. கணபதிப்பிள்ளையும் சு. வித்தியானந்தனும் இலண்டனில் தமிழாய்வு செய்து பட்டம் பெற்றிருந்தனர்; பின்னர்க் கைலாசபதி பர்மிங்காம் சென்றார். பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்பது அடிகளார் எடுத்துக்கொண்ட பொருள். பாணரும் புலவரும் அறநூலாரும் ஒரு சமுதாயத்திற்கு எவ்வாறு ஆசிரியராயினர் என்பதை அவர் ஆராய்ந்தார். 1957இல் பட்டம் கிடைத்தது. முதல் ஆய்வேட்டில் இடமே பெறாத தமிழ் இரண்டாவதில் முழுப்பொருளாக நின்றது. அவர் இலண்டன் நூலகங்களில் அமர்ந்திருந்த அதே ஆண்டுகளில், நெடுங்காலம் ஓய்ந்திருந்த முத்துக்குளிப்புத் தூத்துக்குடியில் மீண்டும் நடந்துகொண்டிருந்தது. 1955இல் தொடங்கிய அது 1961இல் நின்றது, இன்றளவும் மீளவில்லை.

அதன்பின் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூர் மாநாடு ஆகியவை அன்பர்கள் நன்கறிந்த செய்திகள். வத்திக்கானில் கண்ட அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து அவரே நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார்.

கடல்கடந்து கண்ட பிற நூல்கள் என்ன ஆயின? இவ்விடத்தில்தான் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் மீண்டும் வருகிறது. நம்மைப் போன்ற ஓர் அமைப்பு அது, பெருநிதி உடையதன்று. சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1963இல் ‘தம்பிரான் வணக்க’த்தையும் ‘கிரிசித்தியானி வணக்க’த்தையும் அக்கழகம் மீண்டும் பதிப்பித்தது. அவற்றுக்கு இன்று முகம் சுளிப்பார் உளர். சமய நூல் என்பார், கொச்சைத் தமிழ் என்பார். நம் வட்டம் இப்பத்தாண்டுகளில் வெளியிட்ட துண்டறிக்கைகளையும் கவியரங்கப் பாடல்களையும் இம்மலருக்காகத் தேடிய நண்பர்களைக் கேளுங்கள். பாதி கிடைக்கவில்லை. ஓர் அச்சுத் தாளைக் காப்பது எத்துணைக் கடினம் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

1967இல் ‘அடியார் வரலாறு’ம் அதே கழகத்தின் வழி வெளிவந்தது. புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். அவ்வளவு தொலைவைக் கடக்க அந்நூல் உரோம் வழியாகச் சென்று 381 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.