முப்பது விநாடி வழக்கறிஞர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் சவர்க்காரமும் காரும் விளம்பரமாகும் அதே இடைவேளையில் வழக்கறிஞர்களும் தோன்றுகிறார்கள். விபத்தில் சிக்கினீர்களா, உடனே அழையுங்கள் என்று தொலைபேசி எண்ணைச் சொல்கிறார்கள். 1977ஆம் ஆண்டுக்கு முன்பு இப்படி விளம்பரம் செய்த வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையையே இழக்க நேர்ந்திருக்கலாம்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1908இல் வகுத்த நெறிமுறைகள் விளம்பரத்தைத் தடை செய்தன. சட்டம் ஒரு சேவை, அதைக் கடைச்சரக்குபோல் கூவி விற்பது தொழிலின் மாண்புக்கு இழுக்கு என்பதே வாதம். அதனால் யாரை அணுகுவது, எவ்வளவு செலவாகும் என்று தெரியாத சாதாரண மக்கள் வழக்கறிஞரிடம் போகவே தயங்கினார்கள்.

இந்த நிலையை மாற்றியவர்கள் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரு இளம் வழக்கறிஞர்கள். 1974இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் குறைந்த கட்டணச் சட்ட அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். அரசாங்கச் சட்ட உதவி கிடைக்கும் அளவுக்கு ஏழையும் அல்லாத, பெரிய கட்டணம் கட்டும் அளவுக்கு வசதியும் இல்லாத நடுத்தர மக்களே அவர்களின் வாடிக்கையாளர்கள். கட்டணம் குறைவு என்பதால், நிறைய வழக்குகள் வந்தால்தான் அலுவலகம் பிழைக்கும்.

எனவே 1976 பிப்ரவரி 22ஆம் தேதி நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மணவிலக்குக்கு 175 டாலர், நீதிமன்றக் கட்டணம் 20 டாலர் என்று விலைப்பட்டியலே அதில் இருந்தது. மாநில வழக்கறிஞர் மன்றம் நடவடிக்கை எடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

1977 ஜூன் 27ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. வங்கியாளரும் பொறியாளரும் விளம்பரம் செய்வதால் அவர்களின் மதிப்பு குறையவில்லையே என்று நீதிபதி பிளாக்மன் எழுதினார். பொய்யான விளம்பரத்தைத் தடுக்கலாம், ஆனால் விளம்பரத்தையே அடியோடு தடை செய்ய முடியாது என்பது முடிவு. வானொலி, தொலைக்காட்சி பற்றித் தனியாகச் சிந்திக்க வேண்டியிருக்கும் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

அதே ஆண்டில், லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கப்பட்ட ஜேக்கபி அண்ட் மேயர்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிக்கு வந்தது. விளம்பரத் தயாரிப்பும் ஒரு தொழிலாக வளர்ந்தது. ஒரே படத்தை எடுத்து, ஊருக்கு ஊர் நிறுவனத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் மாற்றி ஒளிபரப்பும் முறை பரவியது. பிரபல நடிகர் ராபர்ட் வான் பல நகரங்களில் இப்படி வெவ்வேறு நிறுவனங்களுக்காகப் பேசினார்.

எதிர்ப்பும் இருந்தது. ஐயோவா மாநிலத்தின் அன்றைய விதி விசித்திரமானது. உணர்ச்சி காட்டாத ஒரே குரல்தான் பேசலாம், அதுவும் வழக்கறிஞரின் குரலாக இருக்கக்கூடாது, பின்னணி ஓசை கூடாது. 1985இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இவ்விதியை ஆதரித்தது. ஆனால் 2010இல் நியூயார்க் வழக்கு ஒன்றில் காற்று வேறு திசையில் வீசியது. கட்டடங்களைவிட உயரமான வழக்கறிஞர்கள், வேற்றுக்கிரகவாசிகளுக்கு ஆலோசனை சொல்லும் காட்சி ஆகியவற்றால் யாரும் ஏமாறமாட்டார்கள் என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதி, மாநிலத்தின் தடைகள் பலவற்றை ரத்து செய்தது.

பேட்ஸ், ஓஸ்டீன் விளம்பரத்தின் உயிர்நாடி அதிலிருந்த விலைப்பட்டியல். இன்றைய தொலைக்காட்சி விளம்பரங்களில் பெரும்பாலானவை விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கானவை. வென்றால்தான் கட்டணம் என்கிறார்கள். ஆனால் கிடைக்கும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழக்கறிஞருக்குப் போவது வழக்கம் என்பது அந்த முப்பது விநாடிகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வாடகைத் தகராறு, மணவிலக்கு, கடன் தொல்லை என்று அலையும் எளியவருக்கு அந்தத் திரையில் அதிகம் இடமில்லை. சட்டத்தின் கதவை அவர்களுக்குத் திறந்துவிடத்தான் 1976இல் அந்த விளம்பரம் அச்சாகியது. கதவு திறந்தது உண்மை. முதலில் நுழைந்தவர்கள்தான் வேறு.