அலங்காநல்லூர் கேலரி முதல் டவுன் பஸ் வரை... தொற்றுக் காலத்தில் யாருக்காக நாம கொஞ்சம் தள்ளி நிக்கணும்?

2021 ஜனவரி 16. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளைகள் சீறிப் பாய்ந்துகொண்டிருந்தன. அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமியும் துணை முதல்வர் ஓ.பன்னீர்செல்வமும்தான் போட்டியைத் தொடங்கிவைத்தார்கள். அதே நாளில் இன்னொரு தொடக்கமும் நடந்தது. கொரோனா தடுப்பூசி போடும் பணி நாடு முழுக்க அன்றைக்குத்தான் ஆரம்பமானது. தமிழ்நாட்டில் அதை முதல்வர் தொடங்கிவைத்த இடம், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை.

ரெண்டையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. அன்றைக்கு ஊசி போடப்பட்டது மருத்துவப் பணியாளர்களுக்கு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மார்ச் 1-ல் இருந்துதான் போட ஆரம்பித்தார்கள். அதாவது, கேலரியில் விசிலடிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போன பேரனுக்குக் கதவைத் திறந்துவிட்ட அப்பத்தாவுக்கு, அன்னிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அவனோட முகக்கவசம்தான் அவங்களுக்கு இருந்த ஒரே தடுப்பு.

இந்தக் கட்டுரை அந்த அப்பத்தாவைப் பத்தித்தான்.

யாரெல்லாம் இந்தப் பட்டியலில்?

கொரோனா காலத்தில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நான்கு பேரைத் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டன. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், இணைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25-ல் மதுரை ராஜாஜி மருத்துவமனையில்தான் பதிவானது. இறந்தவருக்கு ஏற்கெனவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் எல்லாம் இருந்தன. 'இணைநோய்' என்ற வார்த்தை நம்ம வீட்டுப் பேச்சுக்குள்ள வந்தது அதுக்கப்புறம்தான்.

இந்தப் பட்டியலில் பலரைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். கீமோதெரபி எடுத்துக்கொள்பவர், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், நீண்டகாலமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என இவர்களுக்கெல்லாம் எதிர்ப்பு சக்தி குறைவு. தடுப்பூசி போட்டாலும் மற்றவர்கள் அளவுக்கு அது வேலை செய்யாது. ஆனால், பஸ்ஸில் உங்க பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற 25 வயசுப் பையனாகவும் அவர் இருக்கலாம். 'சின்ன வயசுதானே, இவனுக்கு எதுக்கு மாஸ்க்?' என்று சிரிப்பதற்கு முன்னால் இதை நினைச்சுக்கோங்க.

'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!'

இளைஞர்கள் அடிக்கடி சொல்கிற வசனம் இது. கொரோனா கிருமி, அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவ ஆரம்பித்துவிடும். சிலருக்குக் கடைசிவரை அறிகுறியே தெரியாது. பேசும்போதும், பாடும்போதும், கத்தும்போதும் வாயிலிருந்து வருகிற நுண்துளிகள் காற்றில் கலக்கும். திறந்தவெளியில் அவை சீக்கிரம் கலைந்துபோகும். ஜன்னல் மூடிய பஸ்ஸிலும் ஏ.சி ஹாலிலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால், நல்லா இருக்கோம் என்பதை மட்டும் வைத்து யாருக்கும் நம்மால் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வாடிவாசல் கற்றுக்கொடுத்த கணக்கு

2021-ல் மாடுபிடி வீரர்கள் அதிகபட்சம் 300 பேர், கொரோனா இல்லை என்ற சான்றிதழ் கட்டாயம், பார்வையாளர்கள் இட வசதியில் பாதிப் பேர் மட்டும் என்று அரசு விதி போட்டது. 2022-ல் ஒமைக்ரான் அலை. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால், ஜனவரி 16-ல் நடக்க வேண்டிய அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு 17-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. பார்வையாளர்கள் 150 பேர் அல்லது இருக்கையில் பாதி, இதில் எது குறைவோ அது. இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றும், 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர் முடிவும் கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் டி.வி-யில் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரே உயிராக நினைக்கிற திருவிழாவுக்கே இத்தனை கட்டுப்பாடு. சித்திரைத் திருவிழாவும் தப்பவில்லை. 2020 மே 4-ல் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள் நடந்தது. மக்கள் ஆன்லைனில் பார்த்து, வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். திருவிழாவுக்கே அடங்கின ஊர்தான் இது. ஆனால், அலுவலர்களும் போலீஸும் நிற்கிற இடத்தில் விதி இருக்கும். டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் யார் நிற்பார்கள்? அங்கே நாமதான் நிக்கணும்.

'வீட்டுலயே இருங்க' போதுமா?

வயசானவங்களிடம் நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற வார்த்தை இது. ஆனால், சர்க்கரை மாத்திரை வாங்க, ரேஷன் வாங்க, பேங்கில் உதவித்தொகை எடுக்க, டயாலிசிஸ் செய்துகொள்ள அவர்கள் வெளியே வந்துதான் ஆகணும். பொது இடம் என்றால் அவர்களுக்கும் பொதுதான். அவர்களை உள்ளே பூட்டிவிட்டு நாம் ஊர் சுற்றுவதற்குப் பெயர் அக்கறை இல்லை.

இதைச் சரியாகச் செய்த உதாரணங்களும் இருக்கின்றன. 2020 ஏப்ரலில் நிவாரணத் தொகை 1,000 ரூபாயையும் ரேஷன் பொருள்களையும் கொடுத்தபோது, தேதியும் நேரமும் போட்ட டோக்கனைக் குடும்ப அட்டைதாரர்களுக்குக் கொடுத்தார்கள். கூட்டத்தைப் பிரிக்க எளிமையான வழி அது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 8-வது பிரிவு, பேரிடர் காலத்தில் அவர்களுக்கும் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது.

நீங்க செய்யக்கூடியவை

பஸ்ஸில்: முதியவர், கர்ப்பிணி ஏறினால் சீட்டைக் கொடுப்பதோடு நிறுத்தாதீங்க. ஜன்னலோர சீட்டாகப் பார்த்துக் கொடுங்க, ஜன்னலைத் திறந்துவிடுங்க. பக்கத்தில் நின்றுகொண்டு போனில் சத்தமாகப் பேசாதீங்க.

வரிசையில்: "பாட்டி, நீங்க முன்னாடி வாங்க" என்று ஒரு வார்த்தை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால், "ரெண்டு நிமிஷம்தானேண்ணே" என்று சொல்லுங்க. ஒருத்தர் சொன்னால் மற்றவர்களும் வழிவிடுவார்கள்.

மாஸ்க் விஷயத்தில்: மூக்குக்குக் கீழே தொங்கினால் அது மாஸ்க் இல்லை. மருத்துவமனைக்குப் போகும்போது முகத்தோடு நன்றாகப் பொருந்துகிற என்-95 நல்லது. அதேநேரம், மூச்சுத்திணறல் காரணமாக மாஸ்க் போட முடியாதவர்களும் உண்டு. அவர்களைத் திட்டுவதைவிட, நாம் தள்ளி நிற்பது மேல்.

காது கேளாதவரிடம்: பலர் உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். மாஸ்க் அதை மறைத்துவிடும். போனில் டைப் செய்து காட்டுங்க.

பார்வையற்றவரிடம்: அவர்களுக்குத் தொடுதல் அவசியம். இடைவெளி என்று சொல்லி ஒதுங்கிவிடாமல், "உதவி வேணுமாங்க?" என்று கேளுங்க. சரி என்றால், உங்க முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்க. பிறகு இருவரும் கையைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

இருமுகிறவரைப் பார்த்து: முறைக்காதீங்க. ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம்.

உங்களுக்கே காய்ச்சல் என்றால்: கல்யாணமோ, கோயில் கொடையோ, ஜல்லிக்கட்டோ, அன்றைக்கு மட்டும் போகாதீங்க. வீட்டிலும் தாத்தா, பாட்டி அறைக்குள் போகாமல் இருங்க.

இப்பவும் தேவைதானா?

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால், கீமோதெரபி வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு காய்ச்சல் சீசனும் ஒரு சின்ன கொரோனா காலம்தான். இன்ஃப்ளூயன்சா நமக்கு நாலு நாள் உடம்புவலி. அவர்களுக்கு ஆஸ்பத்திரி அட்மிஷன்.

அடுத்த தை மாசம் அலங்காநல்லூருக்குக் கிளம்பும்போது, கேலரியில் யாராவது மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தால் 'இன்னுமா?' என்று கேட்காதீங்க. அவங்களும் காளையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவங்கதான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, போதும்.