ஒரே பீடம், இரு கூடங்கள்

தொடக்கத் திருச்சபையைப் பிளக்க முயன்றவற்றுள் பந்தி வேற்றுமையும் ஒன்று. அந்தியோக்கியாவில் பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு உண்டு வந்த பேதுரு, யூதக் கிறிஸ்தவர் சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகம் கூறுகின்றது. தலைமைச் சீடரின் தவற்றைத் திருச்சபை மறைக்கவில்லை. மறைநூலிலேயே காத்து வைத்தது.

அதே சோதனை நம் நெல்லைச் சீமைக்கும் வந்தது. மேலப்பாளையத்துக்குத் தெற்கே, வள்ளியூருக்கும் அப்பால் உள்ளது வடக்கன்குளம். 1745-இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. சாதி பாராது அனைவரோடும் பழகிய அவர் 1752-இல் மறைசாட்சியாக உயிர் துறந்தார். 2022-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்றார். ஆயினும் அவ்வூரில் 1872-இல் எழுந்த கோயில் இரு கூடங்களாக அமைந்தது. இரண்டும் ஒரே பீடத்தை நோக்கின. மக்களோ சாதிவாரியாகப் பிரிந்து நின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு அகற்றப்பட்டது. எதிர்த்தோர் நீதிமன்றம் சென்றும் வெற்றி பெறவில்லை.

சுவர் வீழ்ந்தது, அதன் நிழல் வீழ்ந்ததா? கல்லறைத் தோட்டங்களிலும் தேர்ப்பவனித் தெருக்களிலும் இன்றும் அதனைக் காண்கின்றோம். ஒரே நற்கருணையை உட்கொண்டு வெளியே வரும் நாம், யாருடைய இல்லத்தில் உண்ண மறுக்கிறோம்? இதனைக் கேட்பவரைப் பங்கின் பகைவரென ஒதுக்காதிருப்போம். பவுல் கேட்ட கேள்வியும் இதுவே.