பிஸ்டல், ரிவால்வர்: தோட்டாவை வெடிக்க வைக்கும் 'ஊசி' எங்கே இருக்கு?

எம்.ஜி.ஆரை 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்டது ரிவால்வரால். காந்தியை 1948 ஜனவரி 30-ல் கோட்சே சுட்டது பெரெட்டா பிஸ்டலால். ரெண்டுமே கைத்துப்பாக்கிதான். ஆனா, தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி, அதாவது 'ஃபயரிங் பின்', இருக்கும் இடம் வேற.

ரிவால்வர்: பழைய மாடல்கள் பலவற்றில் ஹேமர் முனையிலேயே ஊசி இருக்கும். புதிய மாடல்கள் பலவற்றில் துப்பாக்கியின் உடலுக்குள் தனியாக இருக்கும். சுட்டபின் காலித் தோட்டா உருளையிலேயே தங்கிடும்.

பிஸ்டல்: முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குள் ஊசி இருக்கும். பெரெட்டாவில் அதை ஹேமர் தட்டும். க்ளாக்கில் ஹேமரே கிடையாது, ஸ்பிரிங் விசையில் பாயும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும்.

போலீஸுக்கு இது ஏன் முக்கியம்? ஊசி குத்திய தடம் காலித் தோட்டாவின் அடியில் பதியும். எந்தத் துப்பாக்கி சுட்டதுன்னு கண்டுபிடிக்க அது உதவும். ரிவால்வரோட குற்றவாளி ஓடிட்டா, அந்தத் தடயமும் கூடவே போயிடும்!