சொந்த சர்வரில் முன்பதிவு மென்பொருள்

டாக்டர், ஆடிட்டர், அழகு நிலையம் என யாரையும் பார்க்க நாளும் நேரமும் குறித்துக்கொள்ள உதவுவது முன்பதிவு மென்பொருள். அதன் மூலநிரல் கட்டற்றதாக இருந்து, பயன்படுத்துவோரே தம் சர்வரில் நிறுவிக்கொண்டால் மாதச் சந்தா இல்லை. வருவோரின் பெயரும் போன் நம்பரும் நிறுவியவர் வசமே இருக்கும். சர்வர் வாடகையும் பராமரிப்பும் மட்டும் செலவு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சிறு கிளினிக்குகள் பலவற்றில் நேரம் குறிக்கும் வழக்கம் கிடையாது, டோக்கன்தான். டாக்டர் ஏழு மணிக்கு வருவார் என்றால் ஐந்து மணிக்கே உதவியாளர் நோட்டில் பெயர் எழுதத் தொடங்கிவிடுவார். பதினைந்தாம் நம்பர்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, "இப்ப எத்தனையாவது நம்பர் போகுது?" என்று போனில் கேட்பார். முன்பதிவு மென்பொருள்களோ 15 நிமிடம், 30 நிமிடம் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. எதைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, இந்த டோக்கன் வழக்கத்துக்கு அது வளைந்துகொடுக்குமா என்பதையே.

ஓரளவு வளைந்துகொடுப்பது ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ். ஜிபிஎல் உரிமம் கொண்டது. பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கே போதும். சேவை நேரம் 60 நிமிடம், ஒரே நேரத்தில் 12 பேர் என்று அமைத்தால், ஏழு முதல் எட்டு வரை பன்னிரண்டு பேர் பதியலாம். டோக்கன் நம்பர் மட்டும் தானாக விழாது. திரையில் வரும் சொற்கள் தனிக் கோப்பில் இருப்பதால் தமிழாக்கிக்கொள்ளவும் முடியும்.

2021-இல் கேலெண்ட்சோ என்ற பெயரில் தொடங்கிய கால்.காம் இணையவழிச் சந்திப்புகளுக்கு ஏற்றது. நோட்.ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ் தெரிந்த ஆள் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. கோப்புப் பகிர்வுக்கான நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளை ஏற்கெனவே வைத்திருப்போருக்கு அதன் நாட்காட்டியிலேயே முன்பதிவு வசதி உண்டு. நோயாளியின் மருத்துவப் பதிவேடும் சேர்ந்தே வேண்டுமென்றால் ஓப்பன்இஎம்ஆர் போன்றவற்றுக்குப் போக வேண்டும்.

பலரும் கடைசியில் யோசிப்பது எஸ்எம்எஸ். இந்த மென்பொருள்கள் முதலில் நம்புவது மின்னஞ்சலை. கிளினிக்குக்கு வருகிறவர் பார்ப்பதோ போனை. இந்தியாவில் நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்த வாசகத்திலிருந்து மாறினால் செய்தி போய்ச் சேராது. எனவே எஸ்எம்எஸ் சேவையுடன் இணைக்க ஏபிஐ இருக்கிறதா என்று நிறுவும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

சொந்த சர்வர் என்பதற்காக மேசைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டரை ஓடவிடுவது சரிவராது. பராமரிப்பு மின்தடை ஒருபுறம். பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குத் தனி ஐபி முகவரி தராதது மறுபுறம். வாடகை சர்வரே நல்லது. அதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை: என்டிடி, சிடிஆர்எல்எஸ் ஆகியவற்றின் தரவு மையங்கள் அம்பத்தூரிலேயே உள்ளன, சர்வர் வாடகைக்குத் தரும் லினோடுக்கும் சென்னை மையம் உண்டு.

தகவல் வெளியே கசிந்தால் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு அந்தத் தகவலைத் திரட்டுபவருடையது, சர்வரை வாடகைக்குத் தருபவருடையது அல்ல. அதனால் புதிய பதிப்புகளை ஏற்றவும், காப்பு நகல் எடுக்கவும், அந்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அப்படி ஆள் கிடைக்காத ஒற்றை டாக்டர் கிளினிக்குக்கு இப்போதைக்கு நோட்டே போதும்.